கிணற்றுத் தவளைக்கு ஓர் ஏணி

வீடும் வளவும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, தெஹிவளையில் எங்கள் வீட்டின் பின்வளவில் ஒரு சீமெந்துத் தொட்டி இருக்கிறது. நீளம் ஆறடி, அகலம் நான்கடி, ஆழம் இரண்டரை அடி. ஓர் அல்லியும் இரண்டு தங்கமீன்களும் வளர்க்கிறோம். மழை தொடங்கிய நாளில் இருந்து காலையில் எழும்பிப் பார்த்தால் தவளைகள் செத்து மிதக்கின்றன. இரண்டு கிழமைக்குள் ஏழு. படம் அனுப்பியிருக்கிறேன். காயம் ஒன்றும் இல்லை, வயிறு மட்டும் ஊதிப்போய்க் கிடக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ மருந்து ஊற்றுகிறார் என்பது என் கணவரின் சந்தேகம். வீட்டுக்குக் கூடாத சகுனம், தொட்டியை மூடிவிடு என்கிறார் மாமி. தண்ணீர் அழுக்கு என்றும் சொல்ல முடியாது, மீன்கள் நன்றாகத்தான் ஓடித் திரிகின்றன. புத்தாண்டுக்கு முன்தான் உள்ளே கிடந்த பழைய சட்டி, செங்கல், பாசி எல்லாம் அள்ளிக் கொட்டிவிட்டு நீலநிற டைல்ஸ் பதித்தோம். முன்பு அழுக்காகக் கிடந்தபோது ஒரு தவளைகூடச் சாகவில்லை. இது என்ன நோய்?
வாசகி, தெஹிவளை

பதில்: நோய் இல்லை. உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதியிலேயே விடையை எழுதிவிட்டுத்தான் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பக்கத்து வீட்டுக்காரரை விடுதலை செய்துவிடுவோம். தொட்டியில் எது செத்தது என்று பார்ப்பதோடு எது சாகவில்லை என்றும் பார்க்க வேண்டும். வீட்டுப் பாவனையில் உள்ள பூச்சி மருந்துகளில் அநேகமானவை தண்ணீரில் கலந்தால் முதலில் மீனைத்தான் கொல்லும். தங்கமீன் இரண்டும் ஓடித் திரிகின்றன என்றால் தண்ணீரில் நஞ்சு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஊதிய வயிறும் ஒன்றையும் நிரூபிக்காது. கொழும்பு வெக்கையில் இரவு செத்த எந்தப் பிராணியும் விடியும்போது ஊதித்தான் இருக்கும், உள்ளே அழுகத் தொடங்கியதும் உண்டாகும் வாயு அது.

அடுத்தது, செத்தவை தவளைகள் அல்ல, தேரைகள். உங்கள் படத்தில் தெளிவாகத் தெரிகிறது, முதுகு முழுக்கக் குரு, வரண்ட தோல், கண்ணுக்கு மேல் கறுப்பு வரம்பு, குட்டையான கால். ஊர்ப்பக்கம் எல்லா வீட்டிலும் படிக்கட்டுக்குக் கீழே குந்தியிருக்குமே, அதேதான். இந்த வேறுபாடு இங்கே முக்கியம். மரத்தவளைக்கு விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் வட்டுகள் உண்டு, கண்ணாடியிலும் ஏறிவிடும். தேரைக்கு அவை இல்லை. அது நிலத்தில் வாழும் பிராணி, வருடத்தில் சில இரவுகள் மட்டும் முட்டையிடத் தண்ணீரைத் தேடி வரும், வேலை முடிந்ததும் வெளியே போக வேண்டும். உங்கள் தொட்டிக்குள் இறங்க வழி இருக்கிறது, ஏற வழி இல்லை.

நம்பாவிட்டால் அடுத்த மழை இரவில் ஒன்பது மணிபோல் டோர்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். தேரை சுவரோரமாக நீந்தும். மூலைக்கு வந்ததும் முன்காலை டைல்ஸில் வைத்து உந்தும், வெளிறிய வயிறு சுவரோடு ஒட்டி ஒரு கணம் நிற்கும், பிறகு சத்தமில்லாமல் வழுக்கி விழும். திரும்பவும் ஒரு சுற்று. அடுத்த மூலையில் இன்னொரு முறை. இப்படி மணிக்கணக்காகச் சுற்றிச் சுற்றிக் களைத்து, விடியற்காலையில் மூழ்கிப் போகும். பழைய தொட்டியில் நீங்கள் அழுக்கு என்று அள்ளிக் கொட்டினீர்களே சட்டியும் செங்கல்லும், அதுதான் அவற்றின் படிக்கட்டு. பாசி பிடித்த சொரசொரப்பான சுவர்தான் கைபிடி. கிணற்றுத் தவளை என்று ஏளனம் செய்கிறோம், ஏணி இல்லாத கிணற்றில் அது வேறு என்னதான் செய்யும்!

தவளை இனம் எப்படித் தண்ணீரில் மூழ்கிச் சாகும் என்று பலர் கேட்பார்கள். வளர்ந்த தவளைக்கும் தேரைக்கும் நுரையீரல் உண்டு. தோலாலும் மூச்சு விடும், ஆனால் தோலால் வருவதை மட்டும் வைத்துப் பிழைப்பதற்குத் தண்ணீர் நல்ல குளிராக இருக்க வேண்டும். பனி விழும் நாடுகளில் சில தவளைகள் குளத்தின் அடியில் மாதக்கணக்காக அப்படிக் கிடக்கின்றன, ஏனென்றால் குளிர்ந்த தண்ணீரில் ஒட்சிசன் அதிகம், உடம்பின் தேவையோ குறைவு. 20 பாகை வெப்பத்தில் ஒரு லீற்றர் தண்ணீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைப் பிடித்து வைத்திருக்கும், 30 பாகையில் ஏழரைதான். நம் ஊர்த் தண்ணீரில் தேரை மூக்கை வெளியே நீட்டியே ஆகவேண்டும். (இணையத்தில் தேடினால் தோட்டக் குளத்துத் தவளைச் சாவுக்குப் பனிக்கட்டியைக் காரணம் சொல்லும் கட்டுரைகள் நிறைய வரும். அவை அந்த ஊர்க் குளங்களுக்குச் சரி. தெஹிவளையில் உறைபனிக்குப் பயப்பட வேண்டியதில்லை.)

இன்னொரு விஷயமும் நடந்திருக்கலாம். மழை இரவில் ஒரு பெண் தேரையின் மேல் இரண்டு மூன்று ஆண்கள் ஏறிக் கட்டிப்பிடித்துக்கொள்ளும், விடவே விடாது. கரை சரிவாக இருந்தால் அவள் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ஓரத்துக்கு வந்துவிடுவாள். செங்குத்தான சுவர் என்றால் அந்தப் பாரத்தோடு மூழ்க வேண்டியதுதான். செத்தவற்றில் பெரியவை அதிகம் என்றால் அவை பெண்ணாக இருக்கும்.

செய்ய வேண்டியது சின்ன வேலை, டைல்ஸை உடைக்கத் தேவையில்லை. ஒரு மூலையில் செங்கற்களைப் படியாக அடுக்குங்கள், மேல் கல் தண்ணீர் மட்டத்துக்கு மேலே தெரிய வேண்டும், அங்கிருந்து விளிம்பு ஒரு சாணுக்கு மேல் இருக்கக் கூடாது. அழகு கெட்டுவிடும் என்றால் ஒரு பலகையில் பழைய தும்புக் கால்மிதியை ஆணி அடித்து, ஒரு நுனி தண்ணீருக்குள்ளும் மறு நுனி விளிம்பிலும் படும்படி சரித்து வையுங்கள். சரிவு எவ்வளவு படுக்கையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பலகையைத் தொட்டியின் நடுவில் வைக்க வேண்டாம், தேரை சுவரைத் தடவிக்கொண்டுதான் சுற்றும், ஆகவே சுவரோடு ஒட்டி, முடிந்தால் இரண்டு மூலையிலும் வையுங்கள். தண்ணீரையும் விளிம்புக்கு நான்கு விரல் கீழே வரை நிரப்பிவிடுங்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்து எழுதவில்லை. மகள் சின்னவளாக இருந்தபோது அவளுக்குக் காட்ட என்று ஒரு பெரிய ஐஸ்கிரீம் டப்பாவில் நாற்பது வாற்பேத்தைகள் வளர்த்தேன். அவித்த கீரை போட்டேன், தண்ணீர் மாற்றினேன், எல்லாம் சரியாகத்தான் போனது. பின்கால் வந்தது, முன்காலும் வந்தது, மகள் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். மறுநாள் காலையில் பார்த்தால் பாதிக்கு மேல் டப்பாவின் அடியில் கிடந்தன, சுண்டுவிரல் நகமளவு, நான்கு காலும் விரித்தபடி. முன்கால் வந்து வால் சுருங்கும் நேரத்தில் பூ (மீனுக்கு இருப்பது போன்ற செவுள்) மறைந்து நுரையீரல் வேலை செய்யத் தொடங்கிவிடும் என்றும், அந்தக் கட்டத்தில் ஏறி உட்கார ஒரு கல்லாவது வேண்டும் என்றும் எனக்கு அப்போது தெரியாது. ஒரு கூழாங்கல் போட்டிருந்தால் போதும். மகளுக்கு என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

உங்கள் தொட்டியிலும் இப்போது தேரை முட்டை இருக்கக்கூடும், கறுப்பு மணி கோத்த நூல் போல அல்லித் தண்டைச் சுற்றிக் கிடக்கும். அது பொரித்து வெளியேறும் நாளுக்கு முன் அந்தப் பலகை தயாராக இருக்கட்டும். மாமியிடம் சொல்லுங்கள், இது தேரை மோந்த தேங்காய்க் கதைதான், தேங்காயில் பருப்பு வைக்காததற்கும் நாம் தேரையைத்தான் குற்றம் சொன்னோம்.

கேள்வி: எங்கள் தொட்டியில் வாற்பேத்தைகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் கழுவி, பைப் தண்ணீரை நிரப்பி, அவற்றைத் திரும்ப விட்டோம். திங்கட்கிழமை மாலைக்குள் எல்லாம் செத்துவிட்டன. நாங்கள் குடிக்கிற அதே தண்ணீர்தானே?
வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: நீங்கள் குடிக்கிறீர்கள், அவை அதற்குள் வாழ்கின்றன. கொழும்புக்கு வரும் குழாய்த் தண்ணீர் அம்பத்தலையில் களனி கங்கையில் இருந்தோ லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களில் இருந்தோ எடுக்கப்பட்டுச் சுத்திகரிக்கப்பட்டு, கிருமி சாகக் குளோரீன் சேர்க்கப்பட்டு வருகிறது. வீட்டுக் குழாய்க்கு வரும்போதும் லீற்றருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரீன் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, அது உங்கள் நன்மைக்காக. நம் வயிற்றுக்கு அது ஒன்றும் செய்யாது. வாற்பேத்தையின் பூவையும் தோலையும் அது எரித்துவிடும்.

தவளைத் தோல் நம் தோல் மாதிரி மூடிய கதவு அல்ல. தவளை தண்ணீரை வாயால் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சுகிறது. தண்ணீரில் என்ன கலந்திருந்தாலும் அதுவும் சேர்ந்தே உள்ளே போகும். நுணலும் தன் வாயால் கெடும் என்பது பழமொழி, நகரத்து வளவில் அது பெரும்பாலும் தன் தோலால்தான் கெடுகிறது.

ஆகவே தொட்டியை ஒரேயடியாகக் காலி செய்து கழுவும் பழக்கத்தை விடுங்கள். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் எடுத்துவிட்டு, வாயகன்ற வாளியிலோ பீப்பாயிலோ வெயில் படும்படி ஒன்றிரண்டு நாள் திறந்து வைத்த தண்ணீரை ஊற்றுங்கள். அவசரம் என்றால் மீன் கடையில் குளோரீனை முறிக்கும் துளிமருந்து கிடைக்கும். மழைத்தண்ணீர் கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன், தொட்டியை எதைப் போட்டுக் கழுவினீர்கள்? மலசலகூடம் கழுவும் திரவமோ ப்ளீச்சிங் பவுடரோ பாவித்திருந்தால் குழாய்த் தண்ணீர் மேல் பழி போட வேண்டாம். பாசியை ஒழிக்க மயில்துத்தம் போடச் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள், அது செம்பு உப்பு, வாற்பேத்தைக்குக் கொடிய நஞ்சு. மீனுக்கு நோய் என்றால் கறியுப்புப் போடு என்பார்கள், மீன் தாங்கும், தவளை தாங்காது. புதிதாகக் கட்டிய சீமெந்துத் தொட்டி என்றால் அதில் இருந்து சுண்ணாம்பு கசிந்துகொண்டே இருக்கும், தண்ணீர் காரமாகிவிடும். நான்கைந்து நாள் நிரப்பி வைத்துத் திறந்துவிட்டு, அதையே மூன்று நான்கு தடவை செய்த பிறகுதான் உயிர் எதையும் விடலாம். வளவில் புல்லுக்குக் களைநாசினி அடிப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள், மருந்து இலையில் ஒட்டிப் பிடிப்பதற்காகச் சவர்க்காரம் போன்ற ஒரு பொருளைச் சேர்ப்பார்கள், சிலவற்றில் மருந்தைவிட அதுதான் வாற்பேத்தையைக் கொல்லும். மழை வருமுன் அடித்தால் எல்லாம் வடிந்து தொட்டிக்குத்தான் வரும்.

கேள்வி: டெங்குவுக்காக எங்கள் ஒழுங்கையில் புகை அடித்த மறுநாள் குளத்தில் மீன், வாற்பேத்தை, தண்ணீர்ப் பூச்சி எல்லாம் மிதந்தன. இனிமேல் புகை அடிக்க வேண்டாம் என்று சொல்லலாமா? பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கப்பி மீன் விடச் சொல்கிறார். அதை விட்டால் தவளை வராது என்கிறாள் தங்கச்சி.
வாசகர், வெள்ளவத்தை

பதில்: வேண்டாம் என்று சொல்லாதீர்கள். 2017இல் நாட்டில் 180,000 பேருக்கு மேல் டெங்குவில் விழுந்தார்கள், கொழும்பில் அந்த வருடம் ஆஸ்பத்திரி வாங்கில் இடம் பிடித்துக் காத்திருந்தவர்களுக்குத் தவளைக் கதை சொல்ல முடியாது. நுளம்பு பெருகவிட்டால் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி வழக்கும் வரும், பி.எச்.ஐ. விளையாட்டுக்கு வருவதில்லை.

ஆனால் எல்லாம் ஒன்றாகச் செத்தது என்று எழுதினீர்களே, அதுதான் நஞ்சின் அடையாளம். மேலே உள்ள தெஹிவளைத் தொட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புகைக்குப் பாவிக்கும் பைரெத்ரொயிட் வகை மருந்துகள் மனிதருக்கும் பறவைக்கும் பெரிதாக ஒன்றும் செய்யாது, மீனுக்கும் வாற்பேத்தைக்கும் மிகச் சிறிய அளவே போதும். வீட்டில் அடிக்கும் நுளம்பு ஸ்பிரேயும் பெரும்பாலும் அதே குடும்பம்தான், தொட்டிப் பக்கம் அதைப் பிடிக்காதீர்கள். புகை வருகிறது என்று தெரிந்ததும் தொட்டியை ஒரு பொலித்தீன் விரிப்பால் மூடி ஓரங்களில் கல் வையுங்கள். புகை அடங்கி ஒரு மணித்தியாலம் ஆனதும் எடுங்கள், விரிப்பை அப்படியே தூக்கி வெளியே உதறுங்கள், தொட்டிக்குள் அல்ல. ஒரு தடவை மறந்து விரிப்பின் மேல் தேங்கியதை நானே உள்ளே கவிழ்த்திருக்கிறேன்.

தங்கச்சி பாதி சரி. கப்பி நுளம்புக் குடம்பியையும் தின்னும், தவளை முட்டையையும் பொரித்த குஞ்சையும் தின்னும். தேரையின் கறுப்பு வாற்பேத்தை கசக்கும் என்பதால் அநேகமான மீன் அதைத் தொடாது, மற்றவை தப்புவது கடினம். குளியலறைக்குள் வந்து தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் ஒளிந்திருக்குமே முதுகில் மணற்கடிகாரக் கோடு போட்ட மரத்தவளை, அது இலங்கையில் மட்டும் உள்ள இனம். அது தண்ணீருக்கு மேலே தொங்கும் இலையிலோ சுவரிலோ வெள்ளை நுரைக்கூடு கட்டும், சில நாளில் குஞ்சுகள் அதில் இருந்து நேரே தண்ணீருக்குள் சொட்டும். கீழே கப்பி வாயைத் திறந்துகொண்டு நிற்கும். நுரைக்கூட்டைக் கண்டால் அந்தக் கிளையை வெட்டி, தண்ணீர் நிரப்பிய ஒரு பேசினுக்கு மேலே கட்டித் தொங்கவிடுங்கள். பேசினுக்கு நுளம்பு வலை போட்டு மூடுங்கள், கிழமைக்கு ஒரு தடவை குடம்பி இருக்கிறதா என்று பார்த்து வடித்துவிடுங்கள், முட்டை நுளம்பாக ஒரு கிழமையில் இருந்து பத்து நாள்தான் எடுக்கும். உள்ளே ஒரு கல்லும் போடுங்கள். ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன்.

தவளை நுளம்பைத் தின்று தீர்த்துவிடும் என்று மட்டும் நம்பிக்கொண்டு இருக்க வேண்டாம்.

கேள்வி: தொட்டி ஓரத்தில் தேரைகள் மல்லாந்து செத்துக் கிடக்கின்றன, வயிறு கிழிந்து உள்ளே ஒன்றும் இல்லை. இது யாருடைய வேலை?
வாசகர், வத்தளை

பதில்: காகமாக இருக்கும். தேரையின் நஞ்சு முதுகுத் தோலிலும் கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியிலும் இருக்கிறது, அதனால்தான் நாய் கவ்வினால் நுரை தள்ளுகிறது. காகம் கெட்டிக்காரன், புரட்டிப் போட்டு வயிற்றுப் பக்கத்தால் திறந்து ஈரலை எடுத்துக்கொண்டு போய்விடும். 2005இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் ஒரு குளத்தில் தேரைகள் பலூன் மாதிரி ஊதி வெடித்தன, வைரஸ், பங்கசு என்று என்னென்னவோ சொன்னார்கள், கடைசியில் ஒரு மிருக வைத்தியர் காட்டிய காரணம், காகங்கள் ஈரலைக் கொத்தி எடுத்த துளை. தொட்டி ஓரத்தில் நாலைந்து ஓடு சரித்து வையுங்கள், பகலில் தேரை ஒளிய இடம் கிடைக்கும். கபரகொய்யா (தண்ணீர் உடும்பு) வருகிறது என்றால் ஒன்றும் செய்ய முடியாது, அது தன் பசிக்கு வருகிறது.

கேள்வி: உலகம் முழுவதும் தவளைகளை அழிக்கும் பங்கசு நோய் ஒன்று இருப்பதாக மகன் சொல்கிறான். எங்கள் நுகேகொடைக் குளத்தில் மாதம் ஒன்றிரண்டு சாவது அதனாலா? குளத்து அல்லியைப் பிடுங்கி நுவரெலியாவில் உள்ள அண்ணா வீட்டுக் குளத்துக்குக் கொண்டுபோக நினைத்திருந்தோம்.
வாசகி, நுகேகொடை

பதில்: மகன் சொல்வது உண்மை. 1999இல் பெயர் சூட்டப்பட்ட அந்தப் பங்கசு, தவளையின் தோலைத் தாக்கி உடம்பின் உப்புச் சமநிலையைக் குலைத்து இதயத்தை நிறுத்திவிடும், பனாமாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இனம் இனமாக அழித்திருக்கிறது. ஆனால் அது நன்றாக வளர்வது 17இல் இருந்து 25 பாகை வரையிலான வெப்பத்தில். கொழும்பின் வெக்கை அதற்குச் சாதகம் இல்லை. மாதம் ஒன்றிரண்டு என்பது வயது, பூனை, தண்ணீர்ப் பாம்பு என்று வழமையான கணக்குக்குள் வந்துவிடும். பத்துப் பதினைந்து ஒரே கிழமையில், தொடையும் வயிறும் சிவந்துபோய்ச் செத்தால் எழுதுங்கள், அப்போது கிருமி நோய் பற்றி யோசிக்கலாம். அப்படிச் செத்தவற்றைக் கையுறை போட்டு எடுத்துக் குழி தோண்டிப் புதையுங்கள், அடுத்த வளவுக்கு எறிய வேண்டாம்.

கொழும்பு 2018இல், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், ஈரநில நகரம் என்று அங்கீகாரம் பெற்றது. நுகேகொடைக்குப் பக்கத்தில் பெத்தகானையில் சதுப்பு நிலம் இருக்கிறது, தவளைகள் அங்கிருந்து தானாகவே வந்து போகும், செத்ததற்குப் பதிலாக நீங்கள் பிடித்து வந்து விடத் தேவையில்லை.

அல்லி விஷயத்துக்குத்தான் என் பயம். நுவரெலியாக் குளிர் அந்தப் பங்கசுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. இந்தத் தீவுக்கே உரிய தவளை இனங்கள் பல அந்த மலைப்பக்கத்தில்தான் இருக்கின்றன, ஒரு மலையில் இருப்பது அடுத்த மலையில் இல்லை. நோய்க் கிருமி கிழங்கில் ஒட்டிய சேற்றிலும் போகும், ஈரமான சப்பாத்திலும் போகும். உங்கள் குளத்தில் அது இல்லாமலே இருக்கலாம். இருந்தாலும் அல்லியை விட்டுவிடுங்கள், அண்ணாவுக்கு வேறு ஏதாவது கொண்டுபோங்கள், கொழும்பில் நல்ல மஸ்கட் இனிப்புக் கிடைக்கும்.